பதினொன்றாவது துட்டி

மஸ்கட்டில் யாராவது இறந்துபோனால் மூன்று நாள் கணக்கு. கூடாரம் போட்டு நாற்காலி வரிசையாக வைத்திருப்பார்கள். போய்க் கை கொடுத்து, இரண்டு பேரீச்சம்பழம் தின்று, சின்னக் கோப்பையில் கஹ்வாக் காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். நாலாம் நாள் போனால் கூடாரமே இருக்காது.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி இல்லை. இறந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதை நாங்கள் துட்டி கேட்பது என்போம். துட்டிக்குக் காலாவதி கிடையாது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது ஊரில் ஒருவர் தவறிப்போனால், ஆறு வருஷம் கழித்து வந்தாலும் அந்த வீட்டுப் படி ஏறி, ஐந்து நிமிஷம் தலை குனிந்து உட்கார்ந்தாக வேண்டும். உட்காராத ஆளின் சாவுக்கு ஊர் வராது.

நான் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. நேரமில்லை. நாலு சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவனுக்கு நேரம் எங்கிருந்து வரும்? ஒரு கைலியும் ஒரு ஜோடி செருப்புமாக மஸ்கட்டில் இறங்கியவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. இன்றைக்குப் பெரிய படிப்புப் படித்த இரண்டு பேர் என் கடையில் நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

இராஜாக்கமங்கலத்தில் இருக்கும் என் தங்கச்சி தங்கம்மை ஃபோனில் பட்டியல் சொன்னாள். பத்து வீடு. என் கடைக்குத் தினமும் வரும் ஓமானிக் கிழவர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அரபியில் கேட்டார்: "மணி, இத்தனை பேரா? உங்கள் ஊரில் சண்டை ஏதாவது நடந்ததா?" இல்லை, ஆறு வருஷத்துப் பாக்கி என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தட்டு மீன் கறி கேட்டார்.

பதினொன்றாவது பெயரைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். சூசை மிக்கேல், குளச்சல்.

மிக்கேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். நானும் அவனும் ஒரே விமானத்தில் போனவர்கள், ஒரே அறையில் படுத்தவர்கள். முதல் கடையை இரண்டு பேருமாகத்தான் திறந்தோம். நான் கல்லாவில், அவன் அடுப்பில். அந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியது ஒரு மீன் கறி. மாங்காய் போட்ட சாளைக் கறி. குளச்சலில் அவன் அம்மா கத்ரீனாம்மை வைக்கும் கறி அது. கடை பெரிதானபோது சுவரில் ஒரு படமும் இரண்டு வரியும் வைத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் என் அம்மா படத்தை மாட்டி, கீழே 'என் தாயின் கைப்பக்குவம்' என்று எழுதி வைத்தேன். கல்லாவில் இருப்பவன் அம்மா படம்தானே கடைக்கு அழகு? மிக்கேல் அதை ஒரு வாரம் பார்த்தான். எட்டாம் நாள் ஏப்ரனைக் கழற்றி என் மேசையில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. இருபத்திரண்டு வருஷம்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் யாரோ ஃபோனில் ஒரு படம் அனுப்பினார்கள். குளச்சலில் வைத்த ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு. நடுவில் மிக்கேல், கைகூப்பி நிற்கிறான், ஆளுயரத்துக்கு. தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி'. மற்றதெல்லாம் பொடி எழுத்து. என் கண்ணாடி அடுத்த கடையில் இருந்தது. அந்த இரண்டு சொல்லே போதுமே.

எங்கள் மாவட்டத்து ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டேன். "மிக்கேல் போயிட்டான் மக்கா. என் கடையில நீங்க எல்லாரும் தின்ன கறி எங்கம்மைக்க கறி இல்ல. மிக்கேலுக்க அம்மை கத்ரீனாம்மைக்க கறி. அவன் இல்லேன்னா நான் இல்ல." அழுதுகொண்டே சொன்னதாகச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அன்று ஜலதோஷம். ஒரே நிமிஷத்தில் கைகூப்பிய பொம்மைகள் வந்து குவிந்தன. ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் ஃபோனைப் பையில் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். ஊரில் இருக்கும்போது ஃபோனில் பேசுவேனே தவிர அதை நோண்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். தங்கம்மை ஏற்பாடு செய்த டிரைவர் பெயர் தாசையன், ஐம்பத்தைந்து வயது இருக்கும். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் காலியான ரோட்டிலும் நடக்கிற வேகத்தில்தான் போனார். எங்களைத் தாண்டிப் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"கொஞ்சம் மிதிக்கப்பிடாதா தாசையா?" என்றேன்.

"இருவத்தஞ்சு வருசம் சவ வண்டி ஓட்டினேன் அண்ணாச்சி. காலு அதுக்கே பழகிப்போச்சு."

"அதுக்கு?"

"பொறத்த கெடந்தவிய ஒருத்தரும் இதுவரைக்கும் அவசரப்படல்ல."

இப்போது அவர் டாக்ஸியோடு ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி வாடகையும் வைத்திருக்கிறாராம். நாகர்கோவிலிலிருந்து இராஜாக்கமங்கலம் வரைக்கும் எந்த வீட்டில் எப்போது யார் இறந்தார், எத்தனை நாற்காலி போட்டது, எல்லாம் வாயிலேயே வைத்திருந்தார். குளச்சல் மிக்கேலைத் தெரியுமா என்று கேட்டேன். "அது நம்ம லைன் இல்ல அண்ணாச்சி. அங்க வேற ஆளு," என்றார்.

முதல் வீடு என் மாமா மகனுடையது. எங்கள் குடும்பமெல்லாம் அய்யாவழி. எங்களில் இறந்தவரைப் படுக்க வைத்துப் புதைப்பதில்லை. சம்மணமிட்டு உட்கார வைத்து, முகத்தை வடக்கே பார்க்க வைத்துத்தான் மண் போடுவோம். எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். வாழ்நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தவன் நான், அங்கேயும் உட்கார்ந்தே இருக்கலாம். படுத்துக் கிடந்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள்.

துட்டி வீட்டில் 'வாங்க' என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். திரும்பும்போது நாமும் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் முப்பத்தைந்து வருஷமாகச் சாப்பிட்டு எழுந்து போகிற ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தை சொல்லிப் பழகிய நாக்கு இது. இரண்டாவது வீட்டில் பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்து முடித்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம், இனியும் இதுபோல ஒரு சந்தர்ப்பம் வரட்டும்," என்று சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டுப் பெரியம்மா என்னையே பார்த்தாள். "அடுத்தது நாந்தான். வாருமய்யா," என்றாள்.

அன்றைக்கு நாலு வீடு, நாலு கட்டன் சாயா, எட்டு பிஸ்கட். மூன்றாவது வீட்டில் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் நான் மஸ்கட்டில் முன்னேறிய கதையைச் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். வீட்டுக்காரம்மா தூங்கிவிட்டதாகத் தாசையன் சொன்னார். துக்கத்தில் இருக்கும் ஒருவரைத் தூங்க வைப்பதும் உபகாரம்தான்.

திங்கட்கிழமை அருமனைப் பக்கம். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போகிறது. மஸ்கட்டில் ஒரு மரம் நட்டால் அதற்குக் குழாய் போட்டுக் காவல் வைக்க வேண்டும். இங்கே மரங்கள் கேட்பாரில்லாமல் வளர்ந்து ரோட்டை எட்டிப் பார்க்கின்றன. ஒரு கடையில் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் கறியும் தின்றோம். பக்கத்து மேசையில் இரண்டு பேர் மலையாளம் கலந்த தமிழில் ஒரு சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நல்ல மனுஷன். சாகிற வரைக்கும் ஒருத்தரையும் சும்மா விட்டதில்லை."

கறியை ருசி பார்த்துவிட்டு நான் கடைக்காரரைக் கூப்பிட்டு, புளி எங்கே கூடியது, தேங்காய் எங்கே குறைந்தது என்று சொன்னேன். இலவசமாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், தாசையனைப் பார்த்தார், "சாருக்கு ஒரு மோரு குடு," என்று உள்ளே சொன்னார்.

நாலு வீடும் முடிந்து திரும்பும்போது ஒரு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. தாசையன் இறங்கி மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியைப் பைய மூடினார், ஒரு மரியாதையோடு.

"என்னவாம்?" என்றேன்.

"போயிட்டுது அண்ணாச்சி."

ரப்பர் பால் ஏற்றி வந்த ஒரு லாரியில் இரண்டு பேரும் நாகர்கோவில் வந்து சேர்ந்தோம். என் வெள்ளை வேட்டியில் அந்த நாற்றம் மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கம்மை என்னை வாசலில் மறித்தாள். செவ்வாயும் வெள்ளியும் துட்டிக்குப் போகக் கூடாதாம், போனால் ஒரு சாவு இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு வருமாம்.

"அது நம்ம ஆளுகளுக்கு. கடப்புறத்து வேதக்காரங்களுக்குச் செவ்வாய் என்ன, வெள்ளி என்ன?" என்றேன்.

"சாவுக்குத் தெரியுமா அண்ணே, இது கடப்புறம், இது நம்ம வீடுன்னு?"

நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பத்து வீட்டுக்கும் நான் கடமைக்குப் போனேன். மிக்கேல் வீட்டுக்கு மட்டும்தான் போக வேண்டும் என்று வந்தேன். இருபத்திரண்டு வருஷத்து வாய்ப்பூட்டு. அவன் இருந்தபோது திறக்க முடியாததை அவன் படத்துக்கு முன்னால் நின்றாவது திறந்துவிட வேண்டும் என்று இருந்தது. நாகர்கோவிலில் இருந்ததிலேயே பெரிய மலர் வளையமாக வாங்கச் சொல்லியிருந்தேன். வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது.

தாசையன் வேறு வண்டியோடு வந்தார். டாக்ஸி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. வந்தது அவருடைய ஐஸ் பெட்டி வேன். பின்னால் கண்ணாடி மூடி போட்ட பெட்டி, இரண்டு பக்கமும் 'அமைதி' என்று நீல எழுத்து.

"பெட்டிய எறக்கி வச்சிட்டு வரப்பிடாதா?"

"எறக்க நாலு ஆளு வேணும் அண்ணாச்சி. சும்மா கெடக்கட்டு. வெயிட்டு இருந்தா வண்டி குலுங்காது."

அந்த வேனில் நான் குளச்சலுக்குள் நுழைந்தேன். மீன் ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கூடை தூக்கிய பெண்கள் ஒதுங்கி நின்று சிலுவை போட்டார்கள். பள்ளிவாசல் பக்கத்துக் கடைகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். மடித்துக் கட்டியிருந்த கைலிகள் வரிசையாக இறங்கின. முன் இருக்கையில் மலர் வளையத்தை மடியில் வைத்திருந்த நான் இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய வரவேற்பு அதுதான்.

மிக்கேல் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வளையத்தோடு இறங்கியதும் அத்தனை தலையும் குனிந்தது. மிக்கேலின் மனைவி பிலோமினா வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள், பின்னால் வேனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யாரும் வா என்று சொல்லவில்லை. அது சரிதான். வளையத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். என்ன பேச வேண்டும் என்று விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். ஆனால் சுற்றிலும் இத்தனை முகங்களைப் பார்த்ததும் வார்த்தை கொஞ்சம் தன்பாட்டுக்குத் திரும்பிவிட்டது.

"மிக்கேல மாதிரி ஒரு ஆளு கெடையாது பிலோமி," என்றேன். "அந்தக் கறி இருக்கே, இன்னைக்கு மஸ்கட்டே சொல்லுகு. அது நாங்க ரெண்டு பேருமா சேந்து கண்டுபிடிச்சது."

"ரெண்டு பேருமா?"

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பிலோமினா தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

"ஏலே மணி, ரெண்டு பேருமான்னு கேக்கேன். ஃபோன்ல வேற மாதிரில்லா சொன்ன."

கதவுத் திரையை விலக்கிக்கொண்டு மிக்கேல் வந்தான். கைலி, தோளில் துண்டு, தொப்பை. முடி மட்டும் வெளுத்திருந்தது. முற்றத்தில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து சிரித்தன. ஒரு மனிதர் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை.

தாசையன்தான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, பெட்டி எறக்கவா, வேண்டாமா?"

நடந்தது இதுதான். அந்தப் போர்டு படகுக்காரர் சங்கத்துப் பழைய செயலாளர் அந்தோணியடிமை இறந்ததற்கு வைத்தது. இப்போதைய தலைவர் மிக்கேல். எங்கள் பக்கத்தில் போர்டு வைக்கிறவர் படம்தான் பெரிதாக இருக்கும். இறந்தவர் மேலே மூலையில் தீப்பெட்டி அளவில் இருந்தாராம். என் குரல் செய்தியை மஸ்கட்டிலிருந்து யாரோ மிக்கேலுக்கே அனுப்பியிருக்கிறார்கள். குழுவில் ஒருவரும் உண்மையைச் சொல்லக் கூடாது, மணி வந்து துட்டி கேட்கட்டும் என்று இவன் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.

"ஏழு தடவை போட்டுக் கேட்டாரு அண்ணே," என்றாள் பிலோமினா. "ஏழாவது தடவை கோயிலு மைக்கில போடச் சொன்னாரு. சாமியாரு விடல்ல."

மிக்கேல் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிரிக்கவில்லை.

"சரி. செத்தவனுக்குச் சொன்னத இப்ப எனக்குச் சொல்லு."

நாலு கடை நடத்துகிறவன், இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "லேய், சாவுன்னா நாலு வார்த்தை கூட்டித்தான சொல்லுவோம்," என்றேன். "அது ஒரு மரியாதை. அப்படியே எடுத்துக்கிடப்பிடாது."

"கூட்டிச் சொன்னியா?"

"கொஞ்சம்."

"அப்போ நான் செத்தாத்தான் அது எங்கம்மைக்க கறி. உசுரோட இருந்தா உங்கம்மைக்க கறி. அப்படித்தான?"

என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தங்கமான மனுஷி. அவளுக்குச் சமைக்கத் தெரிந்தது இரண்டே இரண்டுதான். சோறு, சோறு குழைந்துபோனால் கஞ்சி. அவள் மீன் சட்டியை அடுப்பில் வைத்தால் எங்கள் வீட்டுப் பூனை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். மிக்கேலும் அந்தக் கறியைத் தின்றிருக்கிறான். அன்றைக்கு அவன் அதை முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் லே," என்றான். "எனக்கு இந்த ஊருல போர்டு இருக்கு. எங்கம்மைக்குத்தான் எங்கயும் ஒண்ணும் இல்ல. எட்டுப் பேருக்கு வச்சுப் போட்டா, செத்தா, போயிட்டா. ஒரு இடத்துலயாவது அவ பேரு இருந்திருக்கலாம். அங்க நீ வேற ஆள மாட்டிட்ட."

அதற்குள் பிலோமினா சாப்பிட வரச் சொன்னாள். துட்டி வீட்டில் சாப்பிடுவதில்லை என்றேன், வாய்க்கு வந்ததை. "யாரு அண்ணே செத்தது?" என்று கேட்டாள். எழுந்து போனேன்.

சோறு, மரச்சீனி, மாங்காய் போட்ட சாளைக் கறி. மண்சட்டியில் முந்தின நாள் வைத்தது. ஒரு வாய் போட்டதும் தெரிந்துவிட்டது. என் நாலு கடையிலும் இப்போது அந்தக் கறி இல்லை. தக்காளி சேர்ந்திருக்கிறது, நிறம் சேர்ந்திருக்கிறது. பெயர்தான் அதே பெயர். இங்கே இருந்தது அந்தப் பழைய கறி. ஆனால் ஒரு வித்தியாசம். எனக்கு வைத்த கிண்ணம் தனியாக இருந்தது, நிறம் கொஞ்சம் குறைவாக.

"இது என்ன தனியா?" என்றேன்.

"ஒங்களுக்கு ஒறைப்பு ஆவாதுன்னு அத்தை சொல்லியிருக்காவ அண்ணே. நான் கல்யாணமாகி வந்த புதுசுல. மணி வந்தா மொளவு கொறச்சு வையின்னு. நீங்கதான் வரவே இல்ல."

நாங்கள் மஸ்கட்டுக்குப் புறப்பட்ட அன்று கத்ரீனாம்மை பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தாள். கையில் இரண்டு துணிப் பொட்டலம், இரண்டிலும் அரைத்து உலர்த்திய மசாலா. ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. "இது மணிக்கு. எரிவு கொறச்சிருக்கேன்," என்று என் பையில் வைத்தாள். என்னை அதற்கு முன்னால் மூன்று தடவைதான் பார்த்திருப்பாள். என் வயிறு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் அதை நினைக்கவே இல்லை. நினைத்தால் அந்தப் படத்துக்கு எதிரில் கல்லாவில் உட்கார முடியாது அல்லவா, அதனால்.

கை கழுவிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். மூக்கு ஒழுகியது. மிளகாய் குறைத்த கறிதான், ஆனாலும். ஃபோனை எடுத்து அதே குழுவில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நின்றுகொண்டே பேசினேன்.

"வைகுண்டமணி பேசுகேன். அன்னைக்கு நான் சொன்னதுல ஒரு தப்பு இருக்கு. மிக்கேல் சாகல்ல. மத்தது எல்லாம் சரி."

மிக்கேல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு தாசையனிடம், "ஓய், அந்த வளையத்த வெயில்ல போடாதயும். அந்தோணியடிமை வீட்டுல கொண்டு வச்சிருவோம்," என்றான்.

மறுநாள் மீதி இரண்டு வீட்டையும் காலையிலேயே முடித்துவிட்டு மறுபடி குளச்சலுக்குப் போனேன். கடையில் மாட்ட கத்ரீனாம்மை படம் வேண்டும். இருந்தது ஒரே ஒரு படம். அவள் இறந்த அன்று எடுத்தது. பெட்டியில் அவள், தலையில் பூ முடி, சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். அவளுக்கு மட்டும் வேறு படமே இல்லை. கண் மூடியிருக்கும் ஒரு ஆளைச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் எப்படி மாட்டுவது?

ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் இருந்த பெண் படத்தைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "கண்ணத் தொறந்துரலாம் மாமா. இது தினமும் செய்யியதுதான்."

பூ முடியை எடுத்தாள், பெட்டியை எடுத்தாள், தலைமாட்டில் நின்றவர்களை எடுத்தாள். பிறகு அவளிடம் இருந்த கண்களில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தாள். மிக்கேல் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். "எங்கம்மை ஒரு நாளும் இவ்வளவு அன்பா ஆரையும் பாத்ததில்ல." இன்னொரு ஜோடி வைத்தாள். அது டீச்சர் மாதிரி இருந்தது. அடுத்தது யாரோ நடிகை. ஏழெட்டுக் கண் மாற்றியும் கத்ரீனாம்மை வரவில்லை.

நான் மிக்கேலைப் பார்த்தேன். படிப்பு இல்லாவிட்டாலும் ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியும். "இவன் கண்ண எடும்மா," என்றேன். "அம்மைக்க கண்ணு அப்படியே இவனுக்குத்தான்."

அவனை நாற்காலியில் உட்கார வைத்து அவள் படம் எடுத்தாள். "சிரிக்காண்டாம் மாமா, சும்மா பாருங்க," என்றாள். மிக்கேல் கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். ஒரே எடுப்பில் சரியாக வந்தது.

இப்போது மஸ்கட்டில் என் முதல் கடையில் இரண்டு படம் இருக்கிறது. என் அம்மா படத்துக்குக் கீழே அவள் பெயர் மட்டும். பக்கத்தில் கத்ரீனாம்மை, அதற்குக் கீழே 'இந்தக் கறி இவர் கறி, குளச்சல்' என்று எழுதியிருக்கிறது. தக்காளியை நிறுத்திவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் பழையபடிதான் தொடங்குகிறேன். ஒரு கைலியும் ஒரு ஜோடி செருப்புமாக வந்தேன், இது எல்லாம் நான் தனி ஆளாக நின்று செய்தது என்று. அப்படிச் சொல்லும்போது தலை தானாக நிமிரும். எதிர்ச் சுவரில் அந்தக் கண் இருக்கும்.

"கறி நீங்கலாக," என்று சேர்த்துக்கொள்கிறேன்.